ஐட்டம் ரேட், ஈ.பி.சி., பி.ஓ.டி., ஹாம்: பெரிய பாலத்துக்கு எது பொருந்தும்?

பாலமோ நெடுஞ்சாலையோ இழுபறியாகும்போது எல்லோரும் ஒப்பந்ததாரரைத்தான் திட்டுகிறார்கள். டெண்டர் எந்த முறையில் விடப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. பாதி வம்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எதிர்பாராத செலவு வந்தால் யார் தலையில் விழும் என்பதை அந்த முறைதான் தீர்மானிக்கிறது.

பழைய முறை ஐட்டம் ரேட். வடிவமைப்பு அரசினுடையது. கான்கிரீட் கனமீட்டருக்கு இவ்வளவு, கம்பி டன்னுக்கு இவ்வளவு என்று விலை. செய்த வேலையை அளந்து எம் புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றி, அதன்படி பில். இதன் அருமை மண்ணுக்குள் இறங்கும்போதுதான் தெரியும். ஆற்றில் பைல், அதாவது பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போடுகிறார்கள் என்று வையுங்கள். 18 மீட்டரில் பாறை என்கிறது மண் பரிசோதனை அறிக்கை. 18 மீட்டரில் சேறுதான் வருகிறது. துளையிலிருந்து மேலே வரும் கற்சில்லுகளைக் கழுவி, ஆழம் எழுதிய சீட்டோடு பாலிதீன் பையில் போட்டு வைக்கிறார்கள். பாறை தட்டுப்பட்டதா இல்லையா என்று இரு தரப்புப் பொறியாளர்களும் அந்தப் பையை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். முடிவில் 24 மீட்டர் இறங்கினால் 24 மீட்டருக்கும் பணம் உண்டு. ஆழத்தைக் குறைக்க யாருக்கும் ஆசை வராது. கெடுதல், அளவுகள் வீங்கும். ‘கூடுதல் ஐட்டம்’ என்ற பெயரில் மதிப்பீடு ஏறிக்கொண்டே போகும்.

அந்த வீக்கத்துக்கு மருந்தாக வந்தது ஈ.பி.சி. (பொறியியல், கொள்முதல், கட்டுமானம்). வடிவமைப்பும் கட்டுமானமும் ஒருவரிடமே, மொத்தத் தொகைக்கு. அரசுக்குக் கணக்கு எளிது. ஆனால் அதே 24 மீட்டர் பைல் இப்போது ஒப்பந்ததாரரின் சொந்தக் காசு. 18 மீட்டரிலேயே ‘பாறை’ தெரியத் தொடங்கினால் ஆச்சரியமில்லை! வடிவமைப்பைச் சரிபார்க்கும் பொறியாளர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால், விதிமுறை அனுமதிக்கும் கடைசி மில்லிமீட்டர் வரை எல்லாம் மெலிந்துவிடும். நிலம் கையில் இருந்து, மண் நன்றாகச் சோதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது நல்ல முறை.

பி.ஓ.டி. (கட்டி, இயக்கி, ஒப்படைத்தல்) சுங்க முறையில் தனியார் கடன் வாங்கிக் கட்டி, சுங்கச்சாவடியில் வசூலித்துக்கொள்வார்கள். போக்குவரத்துக் கணிப்பு பொய்த்தாலும் வேலை நின்றாலும் வட்டி மட்டும் நிற்காது. சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை பி.ஓ.டி. முறையில் தொடங்கி, கூவம் ஆற்றின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்ற காரணத்தால் 2012இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. எழும்பிய தூண்கள் ஆண்டுக்கணக்கில் வெறுமனே நின்றன. பின்னர் ஈரடுக்குச் சாலையாகத் திட்டமே மாறி, 2022இல் மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆற்றுக்குள் தூண் நடலாமா என்ற சச்சரவு எந்த ஒப்பந்த முறையாலும் தீராது என்பது உண்மைதான். ஆனால் கடனில் ஓடும் திட்டத்துக்கு அது மரண அடி.

2016இல் வந்த ஹாம் (ஹைபிரிட் ஆன்யுட்டி முறை) ஒரு சமரசம். கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு தவணைகளில் தருகிறது. மீதி 60 சதவீதம் கட்டி முடித்த பிறகு 15 ஆண்டுகளில் வட்டியுடன் வரும். சுங்க வசூல் அரசுக்கு, ஆகவே வண்டி ஓடுமா ஓடாதா என்ற கவலை ஒப்பந்ததாரருக்கு இல்லை. கட்டியவரே அத்தனை ஆண்டும் பராமரிக்க வேண்டியிருப்பதால் தார் மெலிவதில் அவருக்கு லாபமில்லை. எனக்கு இதில் பிடித்த அம்சம் வேறு: 80 சதவீத நிலம் கைக்கு வந்த பிறகே காலக்கெடு ஓடத் தொடங்கும். நில எடுப்பை முடிக்காமல் ரிப்பன் வெட்டும் அவசரத்துக்கு அது ஓரளவு கடிவாளம். வங்கிக் கடன் கிடைக்காமல் தொடக்கத்திலேயே திணறும் நிறுவனங்களும் உண்டு.

வெளியூர் நான்குவழிச் சாலைக்கு ஹாமைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நெரிசலான நகருக்குள் ஆற்றையொட்டிப் போகும் பாலத்துக்கு, அடித்தளத்தை மட்டும் அளந்து பணம் தந்துவிட்டு, தூணுக்கு மேலே உள்ளதை மொத்தத் தொகைக்கு விடுவேன். தணிக்கையில் கேள்வி வரும். கற்சில்லுப் பைகளைப் பத்திரமாக வைத்திருந்தால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.