எஸ்எம்எஸ், எக்ஸ், புளூஸ்கை: ‘வெள்ளம்’ எத்தனை எழுத்து?

வெ, ள், ள, ம். நான்கு எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். எஸ்எம்எஸ் கணக்கில் இது ஏழு. ஒற்றைக்கொம்புக்கு ஒன்று, இரண்டு புள்ளிக்கும் தலா ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படும்.

ஒரு எஸ்எம்எஸ் சுமப்பது 140 பைட் (ஒரு பைட் என்பது எட்டு பிட்). ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும், அதனால் 160 எழுத்து அடங்கும். தமிழ், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் போவதால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட். ஆக, நமக்குக் கிடைப்பது 70 இடம். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 இடம்தான், காசும் துண்டுக்குத் துண்டு. நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியதற்கு, போனில் தமிழ் விசை இல்லாததோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ட்விட்டர் பிறந்தது இந்த எஸ்எம்எஸ்ஸின் மடியில்தான். 2006-ல் தொடங்கியபோது 160-ல் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கி, மீதி 140-ஐப் பதிவுக்குக் கொடுத்தார்கள். 2017-ல் அது 280 ஆனது. எக்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் ‘வெள்ளம்’ அங்கே ஏழுதான், ஆனால் 280 இருப்பதால் உறுத்துவதில்லை. எக்ஸ் போன்ற இன்னொரு சமூக வலைத்தளமான புளூஸ்கையில் வரம்பு 300, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ணுகிறார்கள். அங்கே ‘வெள்ளம்’ நான்கு. தமிழில் எழுதுகிறவருக்கு இந்த மூன்றில் புளூஸ்கைதான் நியாயமான வீடு.

சரி, எழுத இடம் கிடைத்தால் போதுமா? யார் கைக்குப் போய்ச் சேரும் என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ட்விட்டர் செய்த வேலையை எஸ்எம்எஸ் செய்திருக்க முடியாது. எண் தெரியாத ஒருவரிடம் ‘படகு வேண்டும்’ என்று கேட்க முடிந்தது, முன்பின் தெரியாதவர்கள் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். கூடவே, மீட்கப்பட்டுவிட்டவர்களின் முகவரியும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எஸ்எம்எஸ் அப்படியில்லை. எண் தெரிந்தால்தான் அனுப்ப முடியும், அனுப்பியது அந்த ஒரு கைக்குத்தான். போன் அணைந்திருந்தாலும் செய்தி மையத்தில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் இறங்கும். டேட்டா வேண்டாம், கணக்கு தொடங்க வேண்டாம், பட்டன் போன் போதும்.

அந்தப் பட்டன் போன்காரர்களும் ஒரு காலத்தில் எஸ்எம்எஸ் வழியாகவே ட்வீட் போடலாம், படிக்கலாம். பாதுகாப்புக் குறைகளைக் காரணம் காட்டி 2020-ல் பெரும்பாலான நாடுகளில் ட்விட்டர் அந்த வழியை அடைத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ட்விட்டரின் அன்றைய தலைமை அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கையே எஸ்எம்எஸ் வழியாகத்தான் கைப்பற்றினார்கள், அதனால் காரணம் பொய்யில்லை. ஆனாலும் என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தப் பொது மேடையின் கதவு அதோடு மூடிக்கொண்டது.

எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையாக, டேட்டாவில் போகும் ஆர்சிஎஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024-ல் ஐபோனிலும் வந்துவிட்டது. படம், நீண்ட தமிழ்ச் செய்தி எல்லாம் போகும். டேட்டா இல்லையென்றால் கடைசியில் எஸ்எம்எஸ்ஸாகத்தான் போக வேண்டும். வாட்ஸ்அப்புக்கு அந்த மாற்று வழிகூட இல்லை.

எதிர்காலத்தில் நான் அதிகம் நம்புவது செல் பிராட்காஸ்ட். 2023-ல் ஒருநாள் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறினவே, அது இந்த முறையில் பேரிடர் எச்சரிக்கை அனுப்பிப் பார்த்த சோதனை. ஒரு டவரின் கீழ் இருக்கும் போன்களுக்கெல்லாம் எண் தெரியாமலே ஒரே அடியில் போய்விடும், நெரிசலிலும் மாட்டாது. எதிர்ப்பேச்சுக்கு மட்டும் அதில் வழியில்லை.

ஆகவே உதவி கேட்கவும், ஊர் கூடிப் பேசவும் எக்ஸோ புளூஸ்கையோ இருக்கட்டும். எச்சரிக்கையை மட்டும் அவற்றை நம்பி விடக்கூடாது. எஸ்எம்எஸ் அனுப்புகிற அதிகாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: ஊர்ப் பெயரை முதலில் போட்டு, தமிழிலேயே எழுதுங்கள். ‘முடிச்சூர்: ஏரி திறப்பு. இரவு 9க்குள் பள்ளிக்கு வாருங்கள்.’ எண்ணிப் பார்த்துவிட்டேன். 58 இடம்தான் ஆகிறது.