ஒரு மைக், இரண்டு செட்: ஒட்டு வயரா, சுவிட்ச் பெட்டியா, ட்ரான்ஸ்போமரா?

அமெச்சூர் வானொலி மேசையில் இரண்டு செட் சேர்ந்துவிட்டால், நல்ல மைக் ஒன்றையே இரண்டுக்கும் பாவிக்கலாமே என்ற யோசனை 4எஸ்7 காரர் (இலங்கை அமெச்சூர்களின் அழைப்புக்குறி 4எஸ்7 என்றுதான் தொடங்கும்) எவருக்கும் வரும். வழி மூன்று. மூன்றிலும் குரல் போய்ச் சேரும். கிரவுண்டை, அதாவது மின்னோட்டம் திரும்பும் பொது இணைப்பை, எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாகப் பிரியும் ஒட்டு வயர் மலிவு. ஐகொம், கென்வூட் இரு நிறுவனங்களின் மேசைச் செட்டுகளிலும் எட்டுப் பின் வட்டச் சொக்கட் என்பதால் பிளக்கும் பொருந்தும். ஆனால் ஐகொமின் 2ஆம் பின்னில் 8 வோல்ட் வெளியே வருகிறது. கென்வூட்டில் அதே 2ஆம் பின்தான் பிடிடி, அதாவது பேசுவதற்கு அழுத்தும் பட்டனின் பின். பின்களைப் பார்த்து மாற்றி ஈயம் வைத்தாலும், பிடிடியை அழுத்தினால் இரண்டு செட்டும் சேர்ந்தே கிளம்பும். ஐகொம், மின்னழுத்தம் கொடுத்தால்தான் வேலை செய்யும் தன் எலெக்ட்ரெட் மைக்குக்காக 1ஆம் பின்னில் கொடுக்கும் மின்னழுத்தம் மற்றச் செட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும்.

பெரிய வில்லங்கம் இனித்தான். 100 வாட் செட் பேசும்போது 20 அம்பியர் அளவுக்கு இழுக்கும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை மீற்றருக்குச் சுமார் 7 மில்லியோம். ஒரு மீற்றர் கறுப்பு (நெகடிவ்) வயரிலேயே 0.14 வோல்ட் விழுந்துவிடுகிறது. மின்னழுத்தம் தேவைப்படாத டைனமிக் மைக் தருவதோ சில மில்லிவோல்ட். இரண்டு செட்டும் ஒரே பவர் சப்ளையில், அல்லது கரண்ட் போன நேரத்தில் ஒரே பற்றரியில் என்றால், கறுப்பு வயரால் திரும்ப வேண்டிய ஓட்டத்தில் ஒரு பங்கு மைக்கின் ஷீல்ட் வழியே மற்றச் செட்டுக்குள் புகுந்து திரும்பும். எஸ்எஸ்பி என்ற குரல் ஒலிபரப்பு முறையில் அது பேச்சோடு ஏறி இறங்குவதால், கேட்பவருக்கு உறுமலாகப் படாது, குரல் கரகரப்பதாகவே படும். ஆர்எஃப் (செட் அனுப்பும் வானொலி அலை) புகுந்துவிட்டது என்று எல்லோரும் அன்டெனாவைத்தான் திட்டுவார்கள். அன்டெனாவுக்குப் பதிலாக, சக்தியை வெப்பமாக்கும் டம்மி லோடை மாட்டிப் பேசிப் பாருங்கள்: கரகரப்பு மாறாமல் இருந்தால் கிரவுண்டைச் சந்தேகியுங்கள்.

மட்டக்களப்புக் கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள இடங்களில் உப்புக்காற்று வயர் முனையைச் சும்மா விடாது. கறுப்பு வயர் பச்சை பூத்துத் தளர்ந்தால், அந்த 20 அம்பியரும் மைக் கிரவுண்டிலும் அன்டெனா கேபிளிலும் வழி தேடும். போர்டிலுள்ள மெல்லிய செப்புத் தடம் கருகிவிடும். ஒட்டு வயரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சுவிட்ச் பெட்டி செய்பவர்கள் மைக்கையும் பிடிடியையும் மட்டும் மாற்றி, கிரவுண்டைப் பொதுவாக விட்டால், அது பெட்டிக்குள் ஒளிந்த ஒட்டு வயர்தான். மைக், மைக் கிரவுண்ட், பிடிடி, பிடிடி கிரவுண்ட் நான்கும் ஒன்றாக மாற வேண்டும்: நாலு போல் (pole) ரோட்டரி சுவிட்ச், அதுவும் ஒன்றை விட்ட பிறகே அடுத்ததைத் தொடும் வகை. உலோகப் பெட்டியில் இரண்டு சொக்கட்டையும் நேரே முடுக்கினால் அவற்றின் உடல் வழியே கிரவுண்ட்கள் மறுபடி கைகோத்துவிடும். ஒன்றுக்காவது பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். மைக்கிலுள்ள அப், டவுன் பட்டன்கள் வேலை செய்யாது. அதற்காக யாரும் அழப்போவதில்லை.

மூன்றாவது வழி, கிரவுண்ட்களை இணைக்காமல் குரலை மட்டும் கடத்தும் 600க்கு 600 ஓம் ட்ரான்ஸ்போமர். அது பழைய டயல்அப் மோடத்துக்குள் கிடைக்கும். ஒரு செட் நேராக, மற்றது ட்ரான்ஸ்போமர் வழியாக. ஐகொம் பக்கம் டிசி மின்னழுத்தத்தைத் தடுக்க ஒரு கப்பாசிட்டர். பிடிடிக்கு ரிலே அல்லது 4என்25 எனும் ஒளி வழி இணைக்கும் சில்லு. எலெக்ட்ரெட் மைக் என்றால் அதற்குரிய மின்னழுத்தத்தையும் தனியே பார்க்க வேண்டும். ட்ரான்ஸ்போமரைப் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் 50 ஹேர்ட்ஸ் உறுமல் ஒட்டிக்கொள்ளும். தள்ளி வைத்துத் திருப்பிப் பார்த்தால் குறையும். இவ்வளவு பாடும் இரண்டு செட்டையும் எப்போதும் இணைத்தே வைத்து, காலால் மிதிக்கும் பிடிடி இரண்டு போட்டு மாறி மாறிப் பேசுபவருக்குத்தான் தகும். ஒரு நேரத்தில் ஒரு செட்டில் மட்டும் பேசுபவருக்கு நாலு போல் பெட்டி தாராளம்.

ஆர்எஃப் தொல்லையை இரண்டுமே முழுதாகத் தீர்க்காது. ட்ரான்ஸ்போமரின் சுருள்களுக்கு இடையிலுள்ள கொள்ளளவு வழியாக அது தாண்டிவிடும். மைக் கேபிளை 31 ரக ஃபெரைட் வளையத்தில், செட்டுக்கு நெருக்கமாக, எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றிவிடுங்கள்.