புகையோடு புகை சேராது: டர்பனில் சுருட்டுக்கு எந்த ஸ்காட்ச்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சுருட்டுக்குத் துணை தேடி பாட்டில் ஸ்டோருக்குள், அதாவது மதுக்கடைக்குள், போகிறவரின் கை முதலில் நீள்வது ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிப் பக்கம்தான். சுருட்டும் புகை, விஸ்கியும் புகை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில்தான் நல்ல காசு வீணாகிறது.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால் சுருட்டு மாறக் கூடாது. 5 அங்குல நீளமும் 50 ரிங் தடிமனும் உள்ள ரொபஸ்டோவை எடுத்துக்கொள்வோம். ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். மேலிலை, அதாவது சுருட்டின் வெளியே சுற்றியிருக்கும் இலை, நடுத்தரப் பழுப்பு. நிதானமாகப் பிடித்தால் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரும். விஸ்கி எதுவானாலும் 30 மில்லி, ஐஸ் கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் எழுதப்படும் சுவைக் குறிப்புகளில் பல, 40 சதவீத ஆல்கஹால் உள்ள பாட்டிலை ருசித்து எழுதியவை. தென்னாப்பிரிக்காவில் விஸ்கி என்று விற்க வேண்டுமானால் சட்டப்படி குறைந்தது 43 சதவீதம் இருக்க வேண்டும். அதே பெயர், அதே லேபிள், ஆனால் கொஞ்சம் கனமான சரக்கு. சுருட்டுக்கு இது நல்லதுதான். 40-இல் தண்ணீராகத் தோன்றுவது 43-இல் புகைக்கு ஈடுகொடுத்து நிற்கும்.

லாகவூலின் 16-க்கு எதிரே கிளென்ஃபார்க்ளஸ் 15

ஒப்பீட்டின் நடுநாயகம் இந்த இரண்டும்தான். 16, 15 என்பவை பீப்பாயில் முதிர்ந்த வருடங்கள்.

ஐலா தீவின் லாகவூலின் 43 சதவீதம். அதன் மால்ட்டை (முளைகட்டிய பார்லி) பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துகிறார்கள். மால்ட்டில் புகைமணம் தரும் ஃபீனால் அளவு சுமார் 35 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 35 பங்கு. தனியாகக் குடித்தால் அருமையான சரக்கு, அதில் சண்டையே இல்லை. சுருட்டைப் பற்றவைத்த பிறகுதான் வம்பு. பீட் புகையில் இருக்கும் குவையகால் போன்ற சேர்மங்கள் புகையிலைப் புகையிலும் இருக்கின்றன. ஒரே வகை மணம் தொடர்ந்து வந்தால் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். பத்து இழுப்புக்குப் பிறகு லாகவூலினை முகர்ந்து பாருங்கள்: கொடுத்த காசுக்கு உரிய அந்தப் புகை காணாமல் போயிருக்கும். மிஞ்சுவது அயோடின் வாடையும் உப்பும். சுருட்டின் கசப்பும் அதோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வரும்.

கிளென்ஃபார்க்ளஸ் 15 இதற்கு நேர் எதிர். 46 சதவீதம், ஒலோரோசோ ஷெர்ரி எனும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய்களில் முதிர்ந்தது, நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதில்லை. உலர்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் கிராம்பு. புகையிலை நாக்கை வறட்டிக் கசக்க வைக்கும் இடத்தில் இந்த இனிப்பு வந்து உட்காருகிறது. சுருட்டில் இல்லாததை விஸ்கி கொடுக்கிறது, விஸ்கியில் இல்லாத மண்வாசனையைச் சுருட்டு கொடுக்கிறது. முதல் வாய்க்கு அப்படியே, பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணீர். 46 சதவீதம் 39-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். எரிச்சல் அடங்கி பழவாசம் மேலே எழும்.

ஷெர்ரி விஸ்கியிலும் கோளாறு உண்டு. பீப்பாய் கெடாமலிருக்க கந்தகம் கொளுத்துவார்கள். சில பாட்டில்களில் அது எரிந்த தீக்குச்சி வாடையாகத் தங்கிவிடும். சுருட்டு அந்த வாடையை இரட்டிப்பாக்கும். ஊற்றியதும் முகர்ந்து, தீக்குச்சி அடித்தால் பத்து நிமிடம் கிளாஸை விட்டுவையுங்கள். போகவில்லையென்றால் அந்தப் பாட்டில் சோடாவுக்கு. இன்னொன்று, கறுத்த மதுரோ மேலிலையோடு கனத்த ஷெர்ரி சேர்ந்தால் ஓக்கின் துவர்ப்பும் இலையின் துவர்ப்பும் கூடி, பாக்கு மென்றதுபோல் வாய் இழுத்துக்கொள்ளும். ஆச்சரியமாக, லாகவூலினுக்கு ஓர் இடம் கிடைப்பது அங்கேதான்: மதுரோ சுருட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கு. தார் சேர்ந்து சுருட்டே முரடாகும் கட்டத்தில், 15 மில்லி போதும்.

டலிஸ்கர் 10, கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு

ஸ்கை தீவின் டலிஸ்கர் 45.8 சதவீதம். பீட் நடுத்தரம், விழுங்கியதும் தொண்டையில் மிளகு வெடிக்கும். வெறும் வயிற்றுப் பேச்சாக இருந்தால் இதற்கு இரண்டாம் இடம் கொடுத்துவிடலாம். ஆனால் டர்பனில் சுருட்டு எடுப்பது எப்போது? சிவக்கச் சிவக்க மசாலா போட்ட ஆட்டுக்கறியோ, பன்னி சௌவோ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) முடித்துக் கை கழுவிய பிறகு. மிளகாயின் காரம் நாக்கில் இருக்கும்போது சாராயம் பட்டால் எரியும் இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல. அதன்மேல் டலிஸ்கரின் மிளகு வேறு. கறிக்குப் பிறகு ஒரு மணி நேரம் விடுங்கள், நடுவில் தயிரோ பாலோ குடியுங்கள் (காரம் தண்ணீரில் போகாது, கொழுப்பில்தான் போகும்), அப்படியும் டலிஸ்கரை வேறு நாளைக்கு வையுங்கள். பிராய் எனும் தீயில் சுடும் விருந்து நாளில், உப்பும் எண்ணெயும் மட்டும் தடவிச் சுட்ட கறிக்குப் பிறகு அதற்கு ஈடு இல்லை.

மற்றவை

பால்வெனி டபுள்வுட் 12 தேனும் வெண்ணிலாவும். கனெக்டிகட் வகை வெளிர் மேலிலைக்கு இதுதான். மதுரோவிடம் கொடுத்தால் நசுங்கிவிடும். ஜானி வாக்கர் பிளாக் லேபிளை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 12 வருடக் கலப்பு, லேசான புகை, லேசான இனிப்பு, எந்தச் சுருட்டோடும் சண்டை போடாது. நாலு பேர் கூடி நாலு வகைச் சுருட்டு எடுக்கும் இடத்தில் அதைத் தவிர எதை வைத்தாலும் ஒருவர் முகம் சுளிப்பார்.

டால்மோர் சிகார் மால்ட், 44 சதவீதம். போர்பன் (அமெரிக்க விஸ்கி), ஒலோரோசோ, கேபர்னே சோவின்யோன் ஒயின் என்று மூன்று வகைப் பீப்பாய்கள். பெயரிலேயே சுருட்டு இருக்கிறது. கெட்ட சரக்கு என்று சொல்ல வழியில்லை. ஆனால் அது செய்வதைக் கிளென்ஃபார்க்ளஸ் குறைந்த விலையில் செய்கிறது. பெயரைப் பற்றிப் பேசினால், ஆங்கிலக்காரர் சொல்லும் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’தான், அதற்கு யாரும் நமக்குத் தள்ளுபடி கொடுத்ததில்லை.

வீரியம் கூடுதலாக வேண்டுபவர்களுக்குக் கிளென்ஃபார்க்ளஸ் 105 இருக்கிறது. 60 சதவீதம். அப்படியே குடித்தால் நாக்கு மரத்து, சுருட்டு வெறும் சூடாகத்தான் தெரியும். 30 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர், 45-க்கு வரும்.

விஸ்கிமேல் விழும் பழி

ஜோடி சரியில்லை என்று சொல்லப்படுவதில் பாதி, சுருட்டைக் கையாண்ட விதத்தின் குற்றம். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதற்குமேல் போனால் நெருப்பு சூடேறிக் கசக்கும், அந்தக் கசப்பில் எந்த விஸ்கியும் மருந்தாகும். மூடிய முனையில் 2 மில்லிமீட்டர் வெட்டினால் போதும், தோள் வரை வெட்டினால் மேலிலை அவிழும். பெட்ரோல் லைட்டர் கூடாது. அந்த வாடை முதல் மூன்றில் ஒரு பங்கு முழுக்க இருக்கும். பியூட்டேன் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ போதும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். தலைசுற்றி வேர்த்தால் நிக்கோடின் ஏறியிருக்கிறது: சுருட்டை வைத்துவிட்டு இனிப்பு ஏதாவது சாப்பிடுங்கள், விஸ்கியைத் தொடாதீர்கள். மதுவும் புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ஏறும். மாலைக்கு 30 மில்லி என்பது சுவைக்காக மட்டும் சொன்ன அளவில்லை.

அடுத்த எதிரி ஊர்க்காற்று. சுருட்டுக்கு 65 முதல் 69 சதவீத ஈரம், 18 முதல் 21 டிகிரி வெப்பம் வேண்டும். டர்பன் கோடையில் இரண்டுமே மீறும். ஈரம் கூடினால் சுருட்டு உப்பி, இழுக்க வராது, பாதியில் அணையும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும்: மேலிலையில் குண்டூசி முனையளவு வட்டத் துளை, பெட்டி அடியில் மாவுபோலத் தூள். கண்டால் மற்றவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில், அதன்பின்தான் வெளியே. ஜோஹன்னஸ்பர்க்கின் குளிர்காலம் தலைகீழ். அங்கே காய்ந்த சுருட்டை இங்கே கொண்டுவந்து அன்றே ஈரப்பெட்டியில் அடைத்தால் மேலிலை வெடிக்கும். சில வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும். பெட்டியில் இருக்கும் ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் உப்பு, குழையும் அளவுக்கு ஒரு சில துளி தண்ணீர், அந்த மூடியையும் ஈரமானியையும் ஜிப் பையில் மூடி எட்டு மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் அது நாலு கூட்டிச் சொல்கிறது.

புரட்டாசி முழுக்கக் கறியும் குடியும் ஒதுக்கும் வீடுகளில், திறந்த பாட்டில் ஒரு மாதத்தில் கெட்டுப்போகுமா என்ற கேள்வி எப்போதும் வரும். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்றும் ஆகாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போயிருந்தால், உள்ளே இருக்கும் காற்றில் பழவாசம் மாதங்கள் போகப்போக மங்கும். சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடிவிடுங்கள். பாட்டில் நிமிர்ந்தே நிற்கட்டும், படுத்தால் சாராயம் கார்க்கை அரிக்கும். சுருட்டுப் பெட்டிக்கு விரதம் கிடையாது. வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.