பெரோனியலா, ஃபிபுலரா?

போன மாதம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா பிசியோதெரபிக்கு வந்தார். சின்ன வெங்காயக் காட்டில் நாலு நாள் தொடர்ந்து குத்தவைத்துக் களை எடுத்திருக்கிறார். அஞ்சாம் நாள் வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. நடந்தால் செருப்பு கழன்று கழன்று விழுகிறது. நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'காமன் பெரோனியல்' என்றும் டாக்டர் சீட்டில் 'காமன் ஃபிபுலர்' என்றும் இருந்தது. "ரெண்டு நரம்புமே போயிருச்சுங்களா சாமி?" என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றேதான். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தடவினால் ஒரு சின்ன எலும்பு மேடு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே இந்த நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ரொம்ப நேரம் குத்தவைத்தாலோ, மாவுக்கட்டு இறுக்கினாலோ அந்த இடத்தில்தான் நசுங்கும்.

பெயர்களின் பொருளும் ஒன்றுதான். துணியைக் குத்தி நிறுத்தும் ஊக்கு லத்தீனில் ஃபிபுலா, கிரேக்கத்தில் பெரோனே. கெண்டைக்காலின் மெலிந்த வெளி எலும்பு ஊக்கின் ஊசி மாதிரி இருப்பதால் வந்த பெயர். எலும்புக்கு லத்தீன் பெயர் நிலைத்தது. நரம்புக்கும் தசைக்கும் கிரேக்கப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1998-இல் வந்த சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியல் ஃபிபுலரை முன்னால் வைத்தது, பழையதையும் பக்கத்திலேயே விட்டுவைத்தது.

என் ஓட்டு ஃபிபுலருக்கு. எந்த எலும்பை ஒட்டிய நரம்பு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். பெரினியல் என்று வேறொரு சொல் இருக்கிறது. அது தொடை இடுக்கில், மலவாய்க்கு முன்னால் உள்ள பகுதி. பெரோனியல், பெரினியல் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். போனில் கேட்டு எழுதுகிறவர் கையில் முழங்காலடி நரம்பு இடுப்படிக்குப் போய்விடும்.

ஆனாலும் பெரோனியலைத் தெரியாமல் காலம் தள்ள முடியாது. சீனியர் டாக்டர்கள் வாயிலும் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் இன்னமும் அதுதான். ஜவ்வு கிழிந்த முழங்காலுக்குச் சில சமயம் இந்த எலும்பை ஒட்டிய தசையின் நாணை எடுத்துப் பொருத்துவார்கள்; அதையும் பெரோனியஸ் என்றுதான் சொல்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

நோயாளிக்கு இரண்டுமே வேண்டாம். பெரியம்மாவின் விரலைப் பிடித்து அந்த மேட்டில் வைத்துக் காட்டினேன். அப்புறம் இரண்டு தாளிலும் அந்தச் சொல்லுக்கு அடியில், 'முழங்கால் வெளிப்பக்க நரம்பு, ஒன்றுதான்' என்று எழுதிக் கொடுத்தேன்.