சிரிப்புப் படத்தில் எது முந்துகிறது: தில்லு முல்லுவா, காதலிக்க நேரமில்லையா?

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்க ஒரு பழைய தமிழ்ப் படம் வேண்டும் என்றால் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் அடிபடும். காதலிக்க நேரமில்லை (1964), தில்லு முல்லு (1981), மைக்கேல் மதன காமராஜன் (1990). மூன்றும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் தில்லு முல்லுவைத்தான் எடுப்பேன்.

இதைச் சொன்னால் காதலிக்க நேரமில்லையை இயக்கிய ஸ்ரீதரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கம் பலமான சாட்சி உண்டு. சினிமா எடுக்கத் துடிக்கும் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பாவுக்கு (பாலையா) பேய்க்கதை சொல்லும் காட்சி. நாகேஷ் வாயாலேயே எல்லாச் சத்தங்களையும் எழுப்புகிறார். பாலையா முதலில் 'சரி, சொல்லித் தொலை' என்பதுபோல்தான் கேட்கிறார். போகப் போகக் கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. கதை சொல்வது நாகேஷ், நம்மைச் சிரிக்க வைப்பது பாலையாவின் முகம். தமிழ் சினிமாவின் சிறந்த நகைச்சுவைக் காட்சி இதுதான் என்பேன். ஆனால் காட்சி வேறு, படம் வேறு. இந்த இருவரும் இல்லாத இடங்களில் படம் தொய்ந்துவிடுகிறது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டுகள் அவ்வளவு நன்றாக இருப்பதால்தான் நமக்கு அது உறைப்பதில்லை.

தில்லு முல்லுவில் அந்தத் தொய்வு குறைவு. மீசை இல்லாதவனை நம்பாத முதலாளி, வேலைக்காக அவர் விருப்பப்படியெல்லாம் வேஷம் போடும் இளைஞன் இந்திரன் (ரஜினி). ஒரு பொய்யைக் காப்பாற்ற சந்திரன் என்று மீசை இல்லாத தம்பி பிறக்கிறான், அப்புறம் சௌகார் ஜானகி அம்மாவாக நடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சிக்கலும் முந்தைய பொய்யிலிருந்தே முளைக்கிறது. இந்தியில் 1979-ல் வந்த 'கோல்மால்' கதைதான். ஆனால் விசுவின் வசனம் அதை முழுக்க நம் ஊர்க் கதையாக்கிவிட்டது.

படத்தைத் தூக்கி நிறுத்துவது முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன். அவர் எங்கேயும் காமெடி பண்ணவில்லை. உண்மையாகவே கோபப்படுகிறார், உண்மையாகவே நம்புகிறார், இந்திரனிடம் உருகுகிறார். அதனால்தான் சிரிப்பு வருகிறது. 'பில்லா' என்ற அடிதடிப் படம் வந்த மறுவருடமே ரஜினி இப்படி நடித்தார் என்பதும் சின்ன விஷயமில்லை. இந்திரனாக முதலாளி முன்னால் பவ்யமாகக் குழைகிறார், சந்திரனாக வந்தால் நடையே மாறுகிறது. மீசையை எடுத்துவிட்டால் போதும் என்று விட்டிருக்கலாம், விடவில்லை. குறை என்றால் கடைசிப் பகுதியின் ஓட்டமும் துரத்தலும்தான், கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

மைக்கேல் மதன காமராஜன் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். கிரேசி மோகனின் வசனத்துக்கு ஈடு இல்லை, ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது ஓடிப்போயிருக்கும். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் வரும்போதெல்லாம், குறிப்பாக சாம்பாரில் மீன் விழும் இடத்தில், படம் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் நான்கு வேடங்களில் வரும் கமலை ஒரே இடத்தில் சேர்க்கும் அந்த மலைமுகட்டு வீட்டுக் காட்சியில் நான் வியந்த அளவுக்குச் சிரிக்கவில்லை.

வசனத்தை வரிக்கு வரி ரசிக்கிற கூட்டமாக இருந்தால் இதையே போடுங்கள். சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்து உட்காரும் நாளில் தில்லு முல்லு. நேரம் குறைவு என்றால் பாலையா, நாகேஷ் காட்சியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.