யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றப் போகிறீர்களா? 4,850 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று சாயங்காலம் எங்கள் மெக்கானிக் அண்ணன் அந்த ஷாக்கை வைஸில் இறுக்கிவிட்டு, மேலே ஒட்டிக்கொண்டிருந்த தங்க நிற உருளையின் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே கேஸ் இருந்தால் அறுப்பது ஆபத்து என்பதால் முதலில் வால்வைப் பார்க்க நினைத்தார். மூடிக்குக் கீழே வால்வே இல்லை. ஓட்டையே இல்லாத அலுமினியம், அவ்வளவுதான். பிறகு ஹாக்சா பிளேடை எடுத்து உருளையை அறுத்தார். காற்று சீறவில்லை, ஒரு சொட்டு ஆயில் வரவில்லை. உருளை ஷாக்கோடு சேரும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்குக்கூட ஓட்டை கிடையாது. வெறும் டப்பாவை இரண்டு போல்ட் போட்டு மாட்டி, “நைட்ரஜன் கேஸ் ஷாக்” என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

4,850 ரூபாய். ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய வண்டிக்குக் குறைந்த செலவில் பின் ஷாக் மாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1995-ல் அப்பா புதிதாக எடுத்த ஆர்எக்ஸ் 100. இந்த வண்டி இந்தியாவில் 1985-லிருந்து 1996 வரைதான் வந்தது. அதனால் இன்றைக்கு ஓடுகிற எதுவும் முப்பது வருஷத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட வண்டிதான். இன்ஜின் போர் செய்து ஓட்டுகிறேன், அதில் குறை இல்லை. பின்பக்கம்தான் தொந்தரவு. வளைவில் திரும்பினால் வால் ஆடும். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளத்தில் இறக்கினால் “டொக்” என்று இடுப்பில் அடிக்கும். அம்மாவுக்கு முதுகுவலி. சனிக்கிழமை சனிக்கிழமை அழகர் கோவிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவரால் முடியாது. எனக்கு ஷாக் மாற்றும் எண்ணம் வந்ததே அதனால்தான். ஐயாயிரத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்கு மேல் கையில் இல்லை.

எல்லாச் சாமானும் விற்கிற ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் தேடினேன். கறுப்பு உடல், சிவப்பு ஸ்பிரிங், தங்க நிற உருளை, படமே கண்ணைப் பறித்தது. ஜோடி 4,850. ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, பல்சர், யூனிகார்ன் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. யூனிகார்னுக்குப் பின்னால் இருப்பது ஒற்றை மோனோஷாக். அதற்கு எப்படி ஜோடி ஷாக் மாட்டுவது? இந்த ஒரு வரியே போதும், விற்பவனுக்குச் சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் கிடையாது என்பதற்கு. அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

உடனே வாங்கிவிடவும் இல்லை. விற்பவரிடம் கேள்வி கேட்கும் இடத்தில் என் நம்பரைப் போட்டு, “அப்பாவின் வண்டி, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவேன், ஸ்பிரிங் ரொம்ப ஹார்டாக இருக்குமா?” என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. நல்ல தமிழ், நிதானமான குரல்.

“அண்ணே, நானும் ஆர்எக்ஸ்தான் வச்சிருக்கேன். எங்கப்பா வண்டி. 94 மாடல். இதே ஷாக்குதான் போட்டிருக்கேன். எங்கம்மாவும் இதுலதான் உக்காந்து வர்றாங்க.”

அதோடு விடவில்லை. “இருங்கண்ணே, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு கிக்கரை உதைத்தார். போனில் அந்த டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்டது. ஐடிலில் விட்டு விட்டு அடிக்குமே, அதே சத்தம். எங்கள் வீட்டு வாசலில் சின்ன வயசிலிருந்து நான் கேட்ட சத்தம். அப்பா இல்லாமல் ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இந்த ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று மனசு முடிவுகட்டிவிட்டது. போனை வைத்த கையோடு 4,850 ரூபாயைக் கட்டினேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. என் அப்பா வண்டி, என் அம்மா என்று நான் எழுதியதையே எடுத்து எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. சனிக்கிழமை காலை மாட்டினோம். மாட்டும்போதே அண்ணன் முகம் சரியில்லை. போல்ட்டைவிட, அது நுழையும் புஷ்ஷின் ஓட்டை பெரிது, வாஷர் கொடுத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. மெயின் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையைத் தொட்டது. பழைய ஷாக்கைப் பக்கத்தில் வைத்து அளந்தோம். மேல் ஓட்டை நடுவிலிருந்து கீழ் ஓட்டை நடுவரை புதியது 2 சென்டிமீட்டர் நீளம். “தம்பி, பின்னாடி தூக்கிருச்சுன்னா ஹேண்டில் படபடக்கும், செயினையும் மறுபடி பாக்கணும்” என்றார். விற்றவருக்குப் போன் போட்டேன். “நீளமா இருந்தாத்தாண்ணே ஸ்போர்ட்டி லுக். பழசத் தூக்கிப் போடுங்க” என்றார் அவர். அவர் பேச்சைக் கேட்டு, அன்றைக்கே பழைய ஒரிஜினல் ஜோடியைக் காயலாங்கடையில் 150 ரூபாய்க்குப் போட்டேன். 4,850-ஐவிட அந்த 150 ரூபாய்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அன்று மத்தியானமே அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஸ்பிரிங் சரியாக அமுங்கவே இல்லை. நான் உட்கார்ந்தாலும் அதே உயரம், அம்மாவும் ஏறினால் விரல் அகலம் இறங்கியது. ஷாக் என்பது ஆள் உட்கார்ந்ததும் தான் அமுங்கக்கூடிய தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். அப்போதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்கும். இது கனமான வண்டிக்கான ஸ்பிரிங். ஆர்எக்ஸ் எடை நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், பல்சர் அதைவிட நாற்பது கிலோ கூட. இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிச் சரிவரும்?

அப்பன்திருப்பதி தாண்டி ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். ஏறியதும் பின்பக்கம் பந்து மாதிரி எம்பியது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப வரும் வேகத்தை ஆயில்தான் பிடித்து நிறுத்த வேண்டும், இதில் பிடிக்கவே ஆள் இல்லை. அம்மா சீட்டிலிருந்து எழும்பி விழுந்தார். என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினேன். ஒன்றும் சொல்லாமல் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, “நீ வாப்பா, நான் கொஞ்ச தூரம் நடக்குறேன்” என்றார். உச்சி வெயில். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

திங்கட்கிழமை போன் செய்தபோது விற்றவர் சொன்னதுதான் மொத்த மோசடியின் சூட்சுமம். “புது ஷாக்குண்ணே, அப்படித்தான் இருக்கும். 500 கிலோமீட்டர் ஓட்டுங்க, செட்டாயிரும். அட்ஜஸ்டர கடைசிக் கட்டைக்கு இறக்குங்க.” ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்தும் அட்ஜஸ்டர் வளையம் ஏற்கெனவே கடைசிக் கட்டையில்தான் இருந்தது. அந்த வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடாது. உட்காரும் உயரமும் ஆரம்ப அழுத்தமும்தான் மாறும், ஸ்பிரிங்கின் பலம் அதேதான். அண்ணன் இதை நேற்றுத்தான் விளக்கினார். திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம். 500 கிலோமீட்டர் ஓட்டி முடிப்பதற்குள் ஏழு நாள் ஓடிவிடும். அதற்காகவே சொல்லும் கணக்கு அது. ஓடியும் விட்டது. ஒன்பதாம் நாள் வலது ஷாக்கில் ஆயில் வடிந்தது. தண்டில் கசிந்து, தூசி அப்பி, கறுப்புக் களியாக இறங்கியிருந்தது.

அதற்கப்புறம் அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். முதல் பதில்: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், அவகாசம் முடிந்துவிட்டது. இரண்டாவது புகாருக்கு, பெட்டி பிரித்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். ஷாக் லீக் ஆனதற்கும் பெட்டி பிரித்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், பதில் இல்லை. மூன்றாவது புகாருக்கு வந்ததுதான் உச்சம்: பொருள் வண்டியில் பொருத்தப்பட்டுவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பொருத்தியதற்கான ரசீது இருந்தால் பரிசீலிப்போம்.

முப்பது வருஷ வண்டிக்கு, ஆன்லைனில் வாங்கிய ஷாக்கை எந்த சர்வீஸ் சென்டர் மாட்டி ரசீது தரும்? ஷாக் நல்லதா கெட்டதா என்று மாட்டினால்தான் தெரியும். மாட்டினால் திருப்ப முடியாது. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு கண்டவனையும் விற்க விடுகிறார்கள், கமிஷனும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள் வருகிறார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியாகப் பேசிய பெண் 200 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். 4,850 ரூபாய்க்கு 200 ரூபாய், அதுவும் அவர்களிடமே மறுபடி சாமான் வாங்க. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நேற்று அண்ணன் உருளையை அறுத்த பிறகு இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஷாக் கழற்றிய நிலையிலேயே பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். “டக், டக்” என்று சத்தம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்துபோயிருக்கிறது. வளைவில் வால் ஆடியது அதனால்தான். புஷ் செட்டும் கூலியும் சேர்த்து 600 ரூபாய் வாங்கினார். வேறொரு வண்டியில் கழற்றிய சுமாரான ஜோடி ஷாக்கைத் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்திருக்கிறார், இதற்குக் காசு வாங்கவில்லை. ஆட்டம் முக்கால்வாசி நின்றுவிட்டது. என் பழைய ஒரிஜினல் ஷாக்கில் புஷ் ரப்பரை மட்டும் மாற்றியிருந்தால் இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும் என்றார். காயலாங்கடைக்கு ஓடினேன். முந்தின நாளே லோடு போய்விட்டது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் சுருக்கமாக.

ஷாக் வாங்கும் முன் ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங், டயர் காற்று மூன்றையும் பாருங்கள். பழைய ஷாக்கை ஓட்டை நடுவிலிருந்து ஓட்டை நடுவரை அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள், புஷ்ஷின் ஓட்டையையும் அளந்துகொள்ளுங்கள். உருளை இருப்பதாலேயே கேஸ் ஷாக் என்று நம்ப வேண்டாம். கேஸ் இருப்பதன் வேலையே உள்ளே ஆயில் நுரைக்காமல் பார்த்துக்கொள்வதுதான், அது வெளியே தெரிகிற சமாச்சாரம் இல்லை. இந்த விலைக்கு உருளையே இல்லாத, பெயர் தெரிந்த கம்பெனியின் சாதா ஆயில் ஷாக்கை நேரில் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். அமுக்கிவிட்டால் நிதானமாகத் திரும்பி வர வேண்டும், படக்கென்று எம்பக் கூடாது. புதியதில் ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டாமல் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். “செட்டாயிரும்” என்று எவன் சொன்னாலும் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைன் தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதியே இருக்கிறது. நான் மூன்று முறை சாட்டில் மன்றாடிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த அதிகாரிக்கு எழுதவில்லை. இன்று காலைதான் எழுதினேன், அறுத்த உருளையின் படத்தோடு. தீரவில்லை என்றால் மதுரையிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இதை எழுதி முடித்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கறுப்பு உடல், சிவப்பு ஸ்பிரிங், தங்க நிற உருளை, எல்லாம் அப்படியே விற்பனையில் இருக்கிறது. யூனிகார்ன் பெயரும் அப்படியே இருக்கிறது. விலையை மட்டும் 4,650 ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.