பழைய ஜோன்சன் எஞ்சினுக்கு பெற்றோல் பம்ப் போட்டு ஆறு வருடம்

2019 மாசி மாதம் படகின் பின்னால் மாட்டும் எங்கள் வீட்டு ஜோன்சன் 10 குதிரைவலு அவுட்போட் எஞ்சினுக்கு பெற்றோல் பம்ப் பொருத்தினேன். அன்று முதல் இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அதே எஞ்சின்தான் ஓடுகிறது. பொருத்திய புதிதில் எழுதியிருந்தால் எல்லாம் பிரமாதம் என்றுதான் எழுதியிருப்பேன். இடையில் ஒரு முறை பம்ப் பழுதாகி, நடுத் தண்ணீரில் புகை மண்டி நின்றேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இதே வேலையில் இறங்குகிறவருக்குப் பயன்படும்.

எஞ்சின் 1955ஆம் ஆண்டு கியூடி வகை. என் மாமா ஒரு பங்களா ஸ்டோரில் சாக்கு சுற்றிக் கிடந்ததை வாங்கி வந்தார். இந்த வகை 1949இல் வந்தபோது முன், நியூட்ரல், பின் என்று கியரும், எஞ்சினுக்கு வெளியே தனி டேங்கும் இருந்தது பெரிய புதுமை. அதுவரை இந்த மாதிரி எஞ்சின்களில் டேங்க் தலையில்தான் உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தனி டேங்க்தான் எங்களுக்குத் தலைவலி. அதற்கு இரட்டை ஹோஸ். பிஸ்டன் கீழே இறங்கும்போது, அதற்குக் கீழே உள்ள மூடிய அறையான கிராங்க்கேஸில் எழும் அழுத்தம் ஒரு ஹோஸ் வழியாக டேங்குக்குள் போய்க் காற்றை நிரப்பும். அந்தக் காற்று பெற்றோலை அமுக்கி, மற்ற ஹோஸ் வழியாக, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்கு ஏற்றும். சதுர அங்குலத்துக்கு நான்கைந்து இறாத்தல் (பிஎஸ்ஐ) அழுத்தம்தான், ஆனாலும் டேங்கில் ஊசி முனையளவு கசிவு இருந்தால்கூட வேலை நடக்காது. அறுபது வருடப் பழைய டேங்கில் மூடி கேஸ்கட், மேல் தட்டு கேஸ்கட், ஹோஸ் முனை ரப்பர் எல்லாம் விறைத்துப் போயிருந்தன. மூன்றையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடி ஐந்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்கும்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. அழுத்தம் ஏறிய பெற்றோல் டேங்க் காலடியில் இருக்கிறது, எதிரில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் தாய் வீட்டுத் தோட்டம் எதிர்க்கரையில். மாரியம்மன் திருவிழாவுக்கு ரோட்டால் சுற்றிப் போவதை விடப் படகில் போவதுதான் அவருக்கு விருப்பம். ஒரு நாள் மூடியைத் தளர்த்திக் காற்றை விடாமல் ஹோஸைக் கழற்றிவிட்டேன். பெற்றோல் சீறி அம்மாவின் சேலையில் அடித்தது. தீப்பொறி எதுவும் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. பம்புக்கு மாறுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பம்ப் என்றால் மின்சாரப் பம்ப் இல்லை. கிராங்க்கேஸ் துடிப்பில் இயங்கும் உள்ளங்கை அளவு பல்ஸ் பம்ப். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே போனால் கிராங்க்கேஸ் உறிஞ்சும், கீழே வந்தால் ஊதும். அந்த இழுப்பிலும் தள்ளலிலும் பம்புக்குள் இருக்கும் டயப்ரம் என்ற மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைந்து பெற்றோலை ஏற்றும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், கடைசியில் நீர்கொழும்பில் மீன்பிடி எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். பம்ப், ஒற்றை ஹோஸ், பெற்றோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப், சின்ன ஃபில்டர், 12 லீற்றர் பிளாஸ்டிக் டேங்க் எல்லாம் சேர்த்து அன்றைய விலையில் இருபதாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது.

டேங்குக்குப் போன காற்று லைனை எடுத்துப் பம்பின் துடிப்பு முனையில் மாட்டினேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, காபரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெற்றோல் தீர்ந்ததும் நின்றது. பல்பை அமுக்கினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பம்ப் சரியில்லை என்று நினைத்துக் கடைக்கு போன் பண்ணினேன். அங்கே எஞ்சின் வேலை செய்யும் பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, பம்ப் நல்லாத்தான் இருக்கும். அதுக்கு இழுக்கவும் வேணும், தள்ளவும் வேணும். உங்க எஞ்சின் தள்ளுறதை மட்டும்தான் வெளியே விடுது. காபரேட்டரைக் கழற்றி உள்ளே பாருங்க."

கழற்றினேன். காபரேட்டருக்குப் பின்னால், அதை எஞ்சினோடு இணைக்கும் மெனிஃபோல்டில், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக மெல்லிய தகட்டு வால்வுகள் இருந்தன. அழுத்தத்தை வெளியே விட்டு, உறிஞ்சலைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை. டேங்கில் காற்று நிரப்ப அது சரி. பம்புக்கோ டயப்ரம் ஒரே பக்கம் உப்பி அப்படியே நின்றுவிடும். வால்வுகளை எடுத்துவிட்டேன். அதோடு இரண்டு சிலிண்டரிலிருந்தும் வரும் வழி ஒன்றாகச் சேர்கிறது. ஒன்று இழுக்கும் நேரத்தில் மற்றது தள்ளுவதால் துடிப்பு ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் கீழ் சிலிண்டரின் துளைக்கு மரை வெட்டிச் சின்ன ஸ்க்ரூவால் அடைத்து, மேல் சிலிண்டரின் துடிப்பை மட்டும் பம்புக்குக் கொடுத்தேன். மரை வெட்டித் தந்தவர் நோர்வூட் கராஜ் பாஸ். இந்தப் பகுதியைச் செய்யாமல் வெறும் பம்பை மாட்டிவிட்டு, "பழைய எஞ்சினுக்கு பம்ப் ஒத்து வராது" என்று கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

துடிப்பு ஹோஸ் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். நீளமான மெத்தென்ற ஹோஸ் போட்டால் துடிப்பு ஹோஸ் சுவரிலேயே கரைந்துவிடும். என்னுடையது நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

ஓட்டத்தில் உடனே தெரிந்த மாற்றம், காபரேட்டர் செட்டிங் நிலைத்து நின்றது. இந்த எஞ்சினில் குறை வேகத்துக்கும் கூடிய வேகத்துக்கும் தனித்தனி ஊசித் திருகுகள் உண்டு. நாங்கள் இருப்பது 3,500 அடிக்கு மேலே. காற்று மெலிந்த இடம் என்பதால், கடலோரத்தில் சரியாக ஓடும் செட்டிங் இங்கே பெற்றோலைக் கூடுதலாக விடும். முன்பு டேங்க் கசிவால் ஒரு நாள் பெற்றோல் கூடும், ஒரு நாள் குறையும். எதை வைத்துத் திருகுவது? பம்ப் போட்ட பிறகு கூடிய வேக ஊசியைக் கொஞ்சம் உள்ளே திருகி வைத்தேன், அதற்குப் பிறகு தொடவே இல்லை. மார்கழிப் பனியில் தண்ணீர் தெரியாத காலையிலும், பல்ப் கல்லாகும் வரை அமுக்கி, சோக் இழுத்தால் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் ஜப்பான் மீனுக்கு வலை போடப் போகும்போது அந்தச் சத்தத்தைக் கேட்பது எனக்குப் பெரிய நிம்மதி.

புது டேங்கில் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து வைக்க வேண்டும். பழைய டேங்குக்கு இறுக்கமாக மூடிய கை, இதையும் மூடிவிடும். பல்ப் சப்பிப் போய் ஒட்டியிருந்தால் காரணம் அதுதான்.

இனி அந்தப் பழுது. 2022இல் நாட்டில் பெற்றோல் கிடைக்காமல் எஞ்சின் மாதக் கணக்கில் சும்மா கிடந்தது. பம்பில் இருந்த பெற்றோலை நான் வடிக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் நடுவில் போகும்போது வெள்ளைப் புகை, எஞ்சின் தடுமாறி நின்றது. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். கீழ் பிளக் நல்ல பழுப்பு நிறம். மேல் பிளக் பெற்றோலில் குளித்திருந்தது. துடிப்பு எடுத்தது மேல் சிலிண்டரிலிருந்து அல்லவா? துடிப்பு ஹோஸை உருவிப் பார்த்தால் அதன் முனையிலிருந்து பெற்றோல் சொட்டியது. காய்ந்து விறைத்த டயப்ரம் கிழிந்து, பெற்றோல் நேராக கிராங்க்கேஸுக்குப் போயிருக்கிறது. பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயில்தான் பழுது என்று நினைத்து, அதை மூடியிருக்கும் ஃப்ளைவீலைக் கழற்ற இருந்தேன், அந்த ஒரு சொட்டு என்னைக் காப்பாற்றியது. டயப்ரம் கிட் போட அரை மணி நேரம்தான் ஆனது. இப்போது வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றி, கிண்ணம் காலியாகும் வரை ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறேன். படகுப் பெட்டியில் ஒரு கிட் எப்போதும் இருக்கும்.

பெற்றோலில் ஒயில் கலப்பதில் எந்த மாற்றமும் இல்லை, 12 லீற்றருக்கு அரை லீற்றர். த்ரீவீலுக்கு விடும் ஒயில் வேண்டாம், அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கான, டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட ஒயிலையே வாங்குங்கள்.

கழற்றிய வால்வுகளையும் அவற்றின் ஸ்க்ரூக்களையும் ஒரு மருந்துப் போத்தலில் போட்டு, பழைய டேங்கோடு கட்டி வைத்திருக்கிறேன். அடைத்த துளையும் ஸ்க்ரூவைக் கழற்றினால் திறந்துவிடும். மாமாவின் எஞ்சினைப் பழைய நிலையில் பார்க்க யாராவது ஆசைப்பட்டால், ஒரு பகல் வேலைதான்.